வெளிக் கம்பனியா, ஊர்ப் பிள்ளையா?

ஹட்டனில் தேயிலைத் தூளும் மிளகாய்த் தூளும் பக்கட் போட்டு விற்கும் சிறு தொழில் எங்களுடையது. விற்பனையைக் கூட்ட விளம்பர வேலையை வெளிக் கம்பனிக்குக் கொடுப்பது, ஊர்ப் பிள்ளை ஒருவரை வேலைக்கு எடுப்பது என்று இரண்டு வழியையும் செய்து பார்த்துவிட்டோம்.

முதலில் கொழும்பிலுள்ள மார்க்கெட்டிங் கம்பனி ஒன்றுக்கு மாதக் கட்டணம் பேசிக் கொடுத்தோம். படங்கள் அவ்வளவு அழகு. எந்த பேஸ்புக் விளம்பரத்தால் எத்தனை ஓடர் வந்தது என்று கணக்கோடு சொன்னார்கள். அது எங்களுக்குக் கைவராத வேலை. ஆனால் பில்லில் 18% வற் (பெறுமதி சேர் வரி) ஏறியது. வற்றுக்குப் பதியாத சிறு தொழிலுக்கு அந்தக் காசு திரும்பி வராது. விளம்பரத்தையும் மாதக் கடைசியில் போட்டார்கள். எங்களிடம் வாங்கும் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்குச் சம்பளம் 10ஆம் திகதி. மாதக் கடைசியில் யார் கையில் காசு இருக்கும்?

பிறகு டிக்கோயாவிலிருந்து ஒரு பிள்ளையை வேலைக்கு எடுத்தோம். சம்பளத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12%, நம்பிக்கை நிதிக்கு 3% எங்கள் பங்கு. அவள் எடுக்கும் படம் சுமார்தான். ஆனால் 9ஆம் திகதியே கடை கடையாக ஏறி, "அண்ணே, நாளைக்குச் சம்பளம், 50 கிராம் பக்கட்டை முன்னுக்குத் தொங்கவிடுங்க" என்பாள். எந்தக் கடையில் சரக்கு தேங்குகிறது என்று அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

தோட்டப்புறம்தான் உங்கள் சந்தை என்றால் ஊர்ப் பிள்ளையையே எடுங்கள். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் இணையத்தில் விற்பவர்கள் கம்பனியிடம் போகலாம். ஆனால் பேஸ்புக் பக்கம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கம்பனியை விட்டுப் பிரியும்போது எங்கள் பக்கத்தைத் திருப்பி வாங்க மூன்று வாரம் அலைந்தோம்.