நடக்க மறுக்கும் நாய்க்குட்டி: தீனியா, தளர்த்தலா, வீடு நோக்கிய நடையா?

வீட்டுக்குள் கால் தரையில் பாவாமல் ஓடித் திரிகிற குட்டி, லீஷ் (நடத்திச் செல்லும் கயிறு) மாட்டி வாசல் கேட்டைத் தாண்டியதும் நான்கு காலையும் ஊன்றி உட்கார்ந்துவிடும். இதற்குச் சொல்லப்படும் வழிகளில் நடைமுறையில் நிற்பவை மூன்று: தீனி கொடுத்து நடத்துவது, லீஷை லேசாகப் பிடித்துக் காத்திருந்து, குட்டி அசைந்ததும் தளர்த்துவது, தூக்கிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி இறக்கி, வீட்டை நோக்கி நடக்க விடுவது. மூன்றுமே பலன் தருபவைதான். ஆனால் எல்லாக் குட்டிக்கும் எல்லாம் பொருந்தாது. பொருந்தாத ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதால்தான் சில நாளில் முடிய வேண்டிய வேலை மாதக்கணக்கில் இழுக்கிறது.

நான்காவது வழி தெருவில் தினமும் கண்ணில் படுவது: தரதரவென்று இழுத்துப் போவது. இதை ஒப்பீட்டுக்கே எடுக்கத் தேவையில்லை. கழுத்தை முன்னால் இழுத்தால் நாயின் உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்து ஊன்றிக்கொள்ளும். எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு ஊன்றும். பாதத்தின் அடித்தோல் சிமெண்டில் உரசிப் பெயர்ந்துவிடும். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் பலவீனமான இடம். பக்குக்குக் கண்குழி ஆழமில்லாததால் கழுத்து இறுகினால் கண் பிதுங்கும் ஆபத்தும் உண்டு. இரண்டு நாள் இப்படி இழுபட்ட குட்டி, மூன்றாம் நாள் லீஷைக் கையில் எடுத்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஏன் உட்காருகிறது?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை. உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள். சைவ வீடென்றால் பனீர். வீட்டுக்குள் ஒரு துண்டு கொடுங்கள். ஆவலாகத் தின்னும். அதே துண்டைக் குட்டி உட்கார்ந்துவிட்ட இடத்தில் நீட்டுங்கள். தின்றால் பெரும்பாலும் அதற்குத் தெருவில் பெரிய பயமில்லை. கழுத்தில் தொங்கும் புதுப் பொருள்தான் தொந்தரவு, அல்லது நடந்து என்ன லாபம் என்று அதற்குத் தெரியவில்லை. முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது பயம். கூடவே வாலும் காலிடுக்கில் போயிருக்கும், காது பின்னால் மடிந்திருக்கும், பசியில்லாமலே உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய பிழை.

வேறு காரணங்களும் இருக்கும். தீனியைத் தின்றுவிட்டுக் காலை மாற்றி மாற்றித் தூக்கினால் தார்ச்சாலை சுடுகிறது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் குட்டியையும் அங்கே இறக்கக்கூடாது. நம்மூர் வெயில் காலத்தில் இருட்டிய பிறகும் தார் சூடாகவே இருக்கும், அதனால் விடியற்காலைதான் சரி. நேற்று வரை நன்றாக நடந்த குட்டி இன்று திடீரென்று மறுத்தால் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள்: நெருஞ்சி முள், உண்ணி, வெடிப்பு. அங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் நொண்டுகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பத்து நிமிடம் நடந்தபின் உட்கார்ந்தால் வெறும் களைப்பு, தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

பெல்ட்டா, ஹார்னஸா?

பயந்த குட்டிக்கும், பக், ஷிட்சு, பொமரேனியன் போன்ற சின்ன இனங்களுக்கும் சந்தேகமில்லாமல் ஹார்னஸ், அதாவது கழுத்தில் இல்லாமல் மார்பைச் சுற்றி மாட்டும் வார். மார்புப் பக்கம் ஆங்கில ஒய் எழுத்துபோல் வார் இறங்கும் வகையை வாங்குங்கள். தோளுக்குக் குறுக்கே ஒரே வாராக ஓடும் வகை முன்னங்கால் நீட்டுவதைத் தடுக்கும். குறையும் உண்டு: தலைவழியாக மாட்டும்போது சில குட்டிகள் மிரளும், அக்குளில் உரசும், பஞ்சு வைத்த வகை நம் புழுக்கத்தில் ஈரம் கோத்துத் தோலைப் புண்ணாக்கும். வலைத்துணி வகை நல்லது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

லேப்ரடார், நாட்டு நாய்க்குட்டிகளுக்குத் தட்டையான நைலான் பெல்ட் போதும். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர்கிற வேகத்துக்கு இதை வாரம் ஒருமுறை பார்க்காவிட்டால் இறுகிவிடும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் குட்டிகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றின் தலை ஒடுக்கம். பின்னால் எக்கினால் சாதாரண பெல்ட் காது வழியாகக் கழன்று வந்துவிடும், பிறகு அந்தக் கால்களைத் துரத்திப் பிடிக்க யாராலும் முடியாது. ஓரளவு மட்டும் இறுகி நின்றுவிடும் மார்ட்டிங்கேல் பெல்ட், அல்லது இடுப்புக்கும் ஒரு வார் உள்ள ஹார்னஸ்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

லீஷ் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், எடை குறைந்த கொக்கி. இரும்புச் சங்கிலி வேண்டாம். அதன் கனமும் சத்தமும் குட்டியை மிரட்டும், கொக்கி தாடையில் இடிக்கும். தானாகச் சுருளும் லீஷ் இந்தக் கட்டத்துக்குக் கெடுதல். அது எப்போதும் கொஞ்சம் இழுத்தபடியே இருப்பதால் தளர்வு என்றால் என்னவென்றே குட்டிக்குத் தெரியாமல் போகும். பிளாஸ்டிக் கைப்பிடி நழுவி விழுந்தால் கடகடவென்று குட்டியின் பின்னாலேயே வரும், அந்தப் பயம் லேசில் போகாது.

எந்த வழியானாலும் முதல் சில நாள் வீட்டுக்குள்தான். கைப்பிடி வளையம் இல்லாத ஒரு மீட்டர் இலேசான கயிற்றைக் கொக்கியில் கட்டி, சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் இழுத்துக்கொண்டு திரிய விடுங்கள். வளையம் இருந்தால் நாற்காலிக் காலில் மாட்டும். கண் பார்வையிலேயே இருக்கட்டும். டைல்ஸில் கால் வழுக்கினால் மிதியடியோ சாக்கோ விரித்துக்கொள்ளுங்கள்.

தீனி

எல்லாரும் முதலில் எடுப்பது இதைத்தான், கெடுப்பதும் இதைத்தான். தீனியை மூக்குக்கு முன் நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடப்பார்கள். குட்டி கையைப் பார்த்து வரும், கை காலியானதும் நிற்கும். பயந்த குட்டியிடம் செய்தால் இன்னும் மோசம்: தின்ன ஆசைப்பட்டு நாலடி வந்துவிட்டு, பயப்படும் பொருளுக்கு அருகில் நிற்பதை உணர்ந்து பதறும். நாளடைவில் தீனியையே சந்தேகிக்கும்.

சரியான முறையில் தீனி முன்னால் தெரியாது. பையிலோ பின்னாலோ இருக்கும். குட்டி ஓரடி வைத்ததும் 'சபாஷ்' என்று சொல்லி, உங்கள் முழங்கால் பக்கவாட்டில் கொண்டுவந்து ஒரு துண்டு. பிறகு மூன்றடிக்கு ஒன்று, ஐந்தடிக்கு ஒன்று, நடுவில் இரண்டடிக்கு ஒன்று. கொடுக்கும் இடம் எப்போதும் உங்கள் காலருகே இருப்பதால், குட்டி அந்த இடத்தைத் தேடி வந்து ஒட்டி நடக்கும். ஐந்து நிமிடத்துக்கு முப்பது துண்டு ஆகும். அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள். பயமில்லாத, எதையாவது முகர்ந்துகொண்டே நின்றுவிடும் குட்டிக்கு இதைவிட விரைவான வழி கிடையாது.

தளர்த்தல்

கயிறு இறுகினால் என்ன செய்வதென்று தெரியாத குட்டிக்கு இது. எதிரே நின்று முறைத்துப் பார்க்காமல், பக்கவாட்டில் அதே திசையைப் பார்த்து நில்லுங்கள். தொய்வு மட்டும் போகும் அளவுக்கு லீஷை எடுத்து, கையை வயிற்றோடு ஒட்டி வையுங்கள். அதற்குமேல் ஒரு இம்மியும் கூட்டக்கூடாது. பத்து, இருபது விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு தலை லேசாக முன்னால் வரும், அல்லது ஒரு முன்னங்கால் மேல் எடை மாறும். அந்தக் கணத்தில் கையைத் தாழ்த்திக் கயிற்றைத் தொய்ய விடுங்கள். முழுதாக ஓரடி வைக்கட்டும் என்று காத்திருந்தால் தாமதம். 'நான் அசைந்தேன், இறுக்கம் போனது' என்பது குட்டிக்கு உறைப்பதே இந்த வழியின் உயிர்.

கெடும் இடம் இரண்டு. பொறுமையிழந்து சுண்டி இழுப்பது ஒன்று. குட்டி துள்ளித் திமிறும்போது பதறிப்போய்த் தளர்த்திவிடுவது இன்னொன்று. அதனால் திமிறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். திமிறும்போது கை அதே உயரத்தில் நிற்கட்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கோழித்துண்டைத் திருப்பித் தள்ளிய குட்டியிடம் இதைச் செய்யவே கூடாது. பயத்தோடு இறுக்கமும் சேர்ந்தால் அப்படியே உறைந்துபோகும். சிப்பிப்பாறை, கன்னிக் குட்டிகளிடம் இது அடிக்கடி நடக்கும்.

வீடு நோக்கிய நடை

பயந்த குட்டிக்கு எங்கள் தேர்வு இதுதான். வாசலிலிருந்து இருபது மீட்டர் தூக்கிக்கொண்டு போய், முகம் வீட்டுப் பக்கம் பார்க்க இறக்கிவிடுங்கள். லீஷ் தொய்வாக இருக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள். வாசலைத் தாண்ட மறுத்த அதே குட்டி காதை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். தெரிந்த வாசனையும் பாதுகாப்பும் உள்ள பக்கம் போவதால் இழுக்கவே வேண்டியதில்லை. நடக்கும்போதே தெருவின் சத்தமும் பழகிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து மீட்டர் கூட்டுங்கள். அடுக்குமாடியென்றால் லிஃப்டில் தூக்கிக்கொண்டு இறங்கி, கேட்டிலிருந்து லிஃப்ட் வரை நடத்துங்கள்.

இதன் குறை, வெளியே போகக் கற்றுத்தராது என்பதுதான். வீட்டுப் பக்கம் ஓட்டமாக இழுக்கும் பழக்கமும் வரும். அதனால் ஒரு வாரம் போனதும் வாசலிலிருந்து ஐந்தடி வெளியே நடந்து, முழங்காலருகே ஒரு துண்டு கொடுத்துத் திரும்புங்கள். நாளுக்கு நாள் அந்த ஐந்தடியை நீட்டுங்கள். லேப்ரடார் குட்டி நாலு மாதத்தில் பதினைந்து கிலோவை நெருங்கிவிடும், தூக்க முடியாது. அந்த இனத்துக்கு இந்த வழியைச் சீக்கிரமே தொடங்கியாக வேண்டும்.

அங்கேதான் தடுப்பூசி குறுக்கே வருகிறது. முதல் ஊசி 6–8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடரும். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஆகவே தெரு நாய்கள் நடமாடும் தரையில் அதுவரை இறக்கக்கூடாது. அதற்காக நான்கு மாதம் வீட்டிலேயே பூட்டி வைத்தால், உலகத்தைப் பழகிக்கொள்ளும் வயது கடந்துவிடும். மாடிப்படி முகப்பிலிருந்து வீட்டுக் கதவு வரை, மொட்டை மாடியில் ஒரு மூலையிலிருந்து படிக்கட்டு வரை என்று நடையைப் பழக்கலாம். தெருவைத் தோளில் தூக்கிக்கொண்டே காட்டலாம்.

தெருவில் இறங்கியபின் ஏதாவது நாய் குலைத்து வந்தால், லீஷை இறுக்காமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓடாமல் நடந்து விலகுங்கள். மறுநாள் அந்த இடம் வருவதற்கு முன்பே தூக்கி, தாண்டியபின் இறக்கி, வீடு நோக்கிய நடையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.