பழைய குட்டி டிராக்டர்: பெடல் வண்டியா, கியர் வண்டியா?

செகண்ட் ஹேண்டில் சப்-காம்பாக்ட் டிராக்டர் தேடுபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்றுதான். அடுத்தது விலை. உள்ளே என்ன வகை டிரான்ஸ்மிஷன் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் பகுதி) என்ற கேள்வி கடைசியில் வரும், சில சமயம் வராமலே போய்விடும். நான் இந்த வரிசையைத் தலைகீழாக வைப்பேன். வண்டி நாளை எப்படிப் பழுதாகும், அதை யார் சரிசெய்ய முடியும் என்பதை முடிவு செய்வது டிரான்ஸ்மிஷன்தான்.

சப்-காம்பாக்ட் என்றால் ஏறக்குறைய 25 ஹெச்.பி.க்குள் அடங்கும் டீசல் எஞ்சின், லோடர் (முன்னால் மண் அள்ளும் வாளி) இல்லாமல் 600 முதல் 700 கிலோ எடை, பின்னால் கருவி மாட்ட மூன்று புள்ளி இணைப்பு, பெரும்பாலும் நான்கு சக்கர இயக்கம். பழைய வண்டிச் சந்தையில் இந்த அளவில் இரண்டு கோஷ்டிகள் உண்டு. ஒன்று, 2000-க்குப் பின் வந்த ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகள், அதாவது எண்ணெய் பம்ப்பின் அழுத்தத்தால் சக்கரம் சுற்றும், பெடலால் ஓட்டும் வண்டிகள்: குபோட்டா பி.எக்ஸ். வரிசை, ஜான் டியர் 1025ஆர், இசெக்கி தயாரித்துக் கொடுக்கும் மாஸி ஃபெர்குசன் ஜி.சி. வரிசை போன்றவை. இன்னொன்று, 1970, 80-களில் ஜப்பானின் நெல் வயல்களுக்காகச் செய்யப்பட்டு, அங்கே உழைத்து முடித்தபின் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான கியர் வண்டிகள். யான்மார் வை.எம். 2000, குபோட்டா பி6000, பி7000 எல்லாம் இந்த வகை. யான்மாரில் பெயரின் கடைசியில் 'டி' என்று இருந்தால் நான்கு சக்கர இயக்கம் என்று பொருள். வை.எம். 1500 இரு சக்கர இயக்கம், வை.எம். 1500டி நான்கு சக்கரம்.

இந்த 25 ஹெச்.பி. எல்லைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய புகை விதிகளில் 19 கிலோவாட், அதாவது சுமார் 25 ஹெச்.பி., ஒரு கோடு. அதற்குக் கீழே உள்ள எஞ்சின்களுக்குத் துகள் வடிகட்டி இல்லாமலே விதியைப் பூர்த்தி செய்ய முடிகிறது. அதனால்தான் சப்-காம்பாக்ட் வண்டிகள் 24-ஐத் தொட்டு நின்றுவிடுகின்றன. பழைய வண்டி வாங்குபவருக்கு இது நல்ல செய்தி: அடைத்துக்கொள்ள வடிகட்டியும் இல்லை, அதைச் சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்யும் தொல்லையும் இல்லை. "கொஞ்சம் பெரிசா ஒண்ணு வாங்கிடலாமே" என்று 30 ஹெச்.பி. பக்கம் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வேலைக்கு எது

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் கிளட்ச் மிதிப்பதும் கியர் மாற்றுவதும் கிடையாது. ஹை, லோ என்று இரண்டு ரேஞ்ச். மற்றதையெல்லாம் பெடலே பார்த்துக்கொள்ளும். லோடரில் மண்ணை அள்ளி, பின்னால் வந்து, திரும்பி, கொட்டி, மறுபடி முன்னே போகும் வேலையில் இதற்குப் பக்கத்தில் கியர் வண்டி நிற்கவே முடியாது. ஒரு மண் குவியலை நகர்த்துவதற்குள் கியர் வண்டிக்காரர் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறார் என்று பார்த்தாலே போதும். அதுவும் அந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் நின்ற பிறகுதான் கியர் மாற்ற முடியும். மரங்களுக்கிடையே புல் வெட்டவும் பெடல்தான் சுகம்.

நேர்க்கோட்டில் நிதானமாக உழும் வேலை என்றால் கதை மாறுகிறது. ஹைட்ரோஸ்டாட்டிக் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்துவதால் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். 1025ஆர் எஞ்சின் சுமார் 24 ஹெச்.பி., பி.டி.ஓ.வில் (கருவிகளைச் சுற்றும் தண்டில்) கிடைப்பது சுமார் 18. இந்த இழப்பு முழுவதையும் பம்ப் தலையில் கட்ட முடியாது என்றாலும் அதன் பங்கு கணிசமானது. கியர் வண்டியில் எஞ்சின் கொடுப்பதில் அதிகப் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மிக மெதுவான கியர் ஒன்றைப் போட்டுவிட்டு ரோட்டவேட்டரை ஓட விட்டால், கால் பெடலில் ஒரே நிலையில் மரத்துப்போகாமல் வயலின் மறுகோடி வரை போகலாம். ஜப்பான் வண்டிகளில் பி.டி.ஓ.வுக்கே மூன்று நான்கு வேகங்கள் இருப்பது இந்த வேலைக்காகத்தான்.

ஆனால் அதே பழைய கியர் வண்டிகளில் ஒரு ஆபத்தும் உண்டு. பலவற்றில் பி.டி.ஓ. தனி கிளட்சில் இயங்காது, டிரான்ஸ்மிஷன் வழியாகத்தான் சுற்றும். கிளட்சை மிதித்தால் சக்கரமும் பி.டி.ஓ.வும் சேர்ந்தே எஞ்சினிலிருந்து விடுபடும். பின்னால் கனமான பிளேடுடன் புல்வெட்டி மாட்டியிருந்தால், அதன் சுழற்சி வேகம் தண்டு வழியாகத் திரும்பி வந்து, கிளட்ச் மிதித்த பிறகும் வண்டியை முன்னே தள்ளும். வேலிக்கு முன்னால் நிற்க வேண்டிய வண்டி வேலிக்குள் போகும். பி.டி.ஓ. தண்டில் ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சிறு பாகத்தைப் பொருத்தினால் இது தீரும். பழைய கியர் வண்டியில் புல்வெட்டி மாட்டப்போகிறவருக்கு அது கட்டாயம்.

தூக்கும் திறனில் இந்தச் சிறு வண்டிகளிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பி.எக்ஸ்., 1025ஆர் இரண்டுமே இணைப்புப் புள்ளிக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் சுமார் 310 கிலோதான் தூக்கும்.

எது எப்படிக் கெட்டுப்போகும்

முக்கியமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கியர் வண்டி கெடுவதற்கு முன் பலமுறை சொல்லிவிட்டுத்தான் கெடும். கிளட்ச் வழுக்கும், கியர் சுமையில் நழுவி வெளியே வரும், பேரிங் சத்தம் போடும். ஒவ்வொன்றும் ஒரு நல்ல மெக்கானிக் கழற்றி மாற்றக்கூடிய தனித்தனிப் பாகம். கிளட்ச் தட்டு மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதுதான் பெரிய வேலை. பயமாகக் கேட்டாலும் தாங்கு கட்டையும் பொறுமையும் இருந்தால் முடியும்.

ஹைட்ரோஸ்டாட்டிக்கில் தேயும் கிளட்ச் தட்டே இல்லை, அந்தச் செலவு மிச்சம். ஆனால் பம்ப்பும் மோட்டாரும் மிக நுண்ணிய இடைவெளியில் ஓடுபவை. அழுக்கான எண்ணெய், தண்ணீர் கலந்த எண்ணெய், வருடக்கணக்கில் மாற்றாத ஃபில்டர் ஆகியவை உள்ளே கீறல் போட்டுக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது. தெரியும்போது வரும் செலவு, பழைய வண்டியின் மதிப்பில் பெரும் பங்கை விழுங்கிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்ட பம்ப் ஆயிரக்கணக்கான மணி நேரம் சத்தமில்லாமல் ஓடும் என்பதும் உண்மை. ஆக, பெடல் வண்டி வாங்கும்போது நீங்கள் வாங்குவது முந்தைய சொந்தக்காரரின் பழக்கத்தை.

அதைச் சோதிக்க ஒரு வழி: வண்டியை இருபது நிமிடமாவது வேலை வாங்கி எண்ணெயைச் சூடாக்குங்கள். குளிர்ந்த, கெட்டியான எண்ணெய் தேய்ந்த பம்ப்பின் குறையை மறைத்துவிடும். சூடான பிறகு லோ ரேஞ்ச் போட்டு லோடர் வாளியை மண் மேட்டில் குத்தித் தள்ளுங்கள். நல்ல வண்டியில் சக்கரம் வழுக்கிச் சுற்றும், இல்லை எஞ்சின் திணறும். எஞ்சின் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்க, சக்கரமும் சுற்றாமல், ஊளைச் சத்தம் மட்டும் வந்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கியும் இதே போல் பாருங்கள். டிரான்ஸ்மிஷன் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பி.எக்ஸ். வண்டி என்றால் குனிந்து அடியில் பாருங்கள். டிரான்ஸ்மிஷனைக் குளிர்விக்கும் பிளாஸ்டிக் விசிறி அங்கே இருக்கும், குச்சி பட்டு இறக்கைகள் உடைவது சகஜம். மாற்றுவது சின்ன வேலை, கவனிக்காமல் ஓட்டினால் பம்ப் வெந்துவிடும்.

கியர் வண்டிக்கான சோதனை எளிது. பிரேக்கை மிதித்தபடி உயர்ந்த கியர் போட்டு கிளட்சை விடுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. அப்புறம் ஒவ்வொரு கியரிலும் மேடு ஏற்றிப் பாருங்கள்.

இரண்டுக்கும் பொதுவானது முன் அச்சு. தார் ரோட்டில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டே ஓட்டியிருந்தால் உள்ளே பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேய்ந்திருக்கும். முன் டயர்களை வேறு அளவில் மாற்றியிருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் முன், பின் சக்கர விகிதம் கணக்காக அமைக்கப்பட்டது. லோடர் கைகளில் புது வெல்டிங், புது பெயின்ட் இருந்தால் காரணம் கேளுங்கள். பின்னால் பேக்ஹோ (குழி தோண்டும் கை) மாட்டியிருந்த வண்டி என்றால் இன்னும் கவனம்: கீழ்ச்சட்டம் இல்லாமல் மூன்று புள்ளி இணைப்பில் மட்டும் தொங்கவிட்ட பேக்ஹோ, டிரான்ஸ்மிஷன் உறையையே விரிசல் விடச் செய்யும்.

மணி மீட்டர் சொல்வது

புதிய வண்டிகளின் மின்சார மீட்டர் ஓடும் நேரத்தைக் கடிகாரம் போல எண்ணும். பழைய வண்டிகள் பலவற்றில் கேபிளால் சுற்றும் மீட்டர், எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். ஐடிலில் நின்றால் எண்ணிக்கை மெதுவாக ஏறும். ஆகவே இரண்டு வண்டிகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பெரிய அர்த்தமில்லை. மாற்றிய மீட்டர்களும் உண்டு. பெடல் ரப்பர், ஸ்டீயரிங், லோடர் மூட்டு ஊசிகளின் (பின்களின்) ஆட்டம் இவை பொய் சொல்லாது. 300 மணி காட்டி, கிரீஸ் நிப்பிள்கள் துருப்பிடித்த வண்டியைவிட, 1,500 மணி ஓடி சர்வீஸ் நோட்டோடு வரும் வண்டியை நான் எடுப்பேன்.

பெடல் வண்டிகளுக்குள் பி.எக்ஸ்.ஸா 1025ஆரா என்று மணிக்கணக்காக வாதிடுபவர்கள் உண்டு. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முக்கியமானது கால்: பி.எக்ஸ்.ஸில் ஒரே பெடலை நுனியால் அழுத்தினால் முன்னே, குதிகாலால் அழுத்தினால் பின்னே. ஜான் டியரில் இரண்டு தனிப் பெடல்கள். நாள் முழுக்க ஓட்டுபவருக்குக் குதிகால் முறை சலிப்பூட்டலாம். ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

உதிரி பாகம்

கியர் வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான மாடல் எண்கள் பலவற்றுக்கு மற்ற நாடுகளின் டீலர்களிடம் பட்டியலே இருக்காது. அமெரிக்காவில் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பாகங்கள், எச்சரிக்கை லேபிள்கள், சர்வீஸ் வசதி எல்லாம் வேறுபடுகின்றன என்ற வாதத்தில், ஜப்பானிலிருந்து வரும் பழைய குபோட்டா வண்டிகளின் இறக்குமதிக்கு விதித்த தடையை 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. சில மாடல்கள் மட்டும் அதிர்ஷ்டசாலிகள். யான்மார் வை.எம். 2000-இன் இரட்டை அமெரிக்காவில் வை.எம். 240 என்ற பெயரில் முறையாக விற்பனையானதால் பாகங்கள் தேடிப் பிடிக்க முடிகிறது. வாங்குவதற்கு முன் கிளட்ச் தட்டு, வாட்டர் பம்ப், முன் அச்சு சீல் இந்த மூன்றுக்கும் ஆர்டர் போட முடிகிறதா என்று பாருங்கள். ஒன்று கிடைக்காவிட்டாலும் விலையைக் குறைத்துப் பேசுவதில் பயனில்லை, வேறு வண்டி பாருங்கள். பல பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் பாதுகாப்புச் சட்டமும் இருக்காது. சரிவில் வேலை என்றால் அதற்காகவே நான் பெடல் வண்டிப் பக்கம் சாய்வேன்.

பி.எக்ஸ்.ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் குடும்பம் ஜெனரேட்டரிலிருந்து சிறு எக்ஸ்கவேட்டர் வரை ஓடுகிறது. எஞ்சின் பாகத்துக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

பெடல் வண்டியில் முதல் செலவு டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் ஃபில்டரும். பத்துப் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும், தயாரிப்பாளர் சொன்ன தரத்தில்தான் ஊற்ற வேண்டும். "போன வருஷம்தான் மாத்தினேன்" என்று விற்றவர் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டரை அறுத்துப் பிரித்துப் பார்த்தால் உலோகத் துகள் இருக்கிறதா என்று தெரியும். அடுத்து ரேடியேட்டர் வலையைக் கழற்றி ஊதுங்கள், புல் வெட்டும் வண்டிகளில் அது மெத்தை போல அடைந்திருக்கும். ஆள் சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சீட் சுவிட்சை யாராவது ஒயர் போட்டு ஏமாற்றியிருந்தால் அதை மீட்டெடுங்கள்.

கியர் வண்டியில் முதல் வேலை கிளட்ச் பெடலின் ஃப்ரீ பிளேயை, அதாவது கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரத்தை, சரிசெய்வது. அது குறைந்தால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையில் தேயும். அப்புறம் டீசல் டேங்கின் அடி வண்டலை வடித்து, ஃபில்டரை மாற்றி, காற்றை வெளியேற்றுங்கள். காலையில் கிளம்ப அடம் பிடித்து வெள்ளைப் புகை கக்கினால், இன்ஜெக்டரைச் சந்தேகிப்பதற்கு முன் எஞ்சினைக் கிளம்பும் முன் சூடேற்றும் குளோ பிளக்கைச் சோதியுங்கள். லோடர் இருந்தால் எந்த வண்டியானாலும் பத்து மணி வேலைக்கு ஒருமுறை ஊசிகளுக்குக் கிரீஸ் அடித்து, அதன் தாங்கு போல்ட்டுகளையும் இறுக்கி விடுங்கள்.