மோர்கனா, குவார்ட்டர் குதிரையா?

பலவகை வேலைக்கும் ஒரே குதிரை தேடுவோர் பெரும்பாலும் இவ்விரு அமெரிக்க இனங்களுக்கிடையே தயங்குகிறார்கள்.

தோற்றம்: 1789இல் பிறந்து, ஜஸ்டின் மோர்கன் என்ற ஆசிரியரால் வெர்மான்ட் மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட ‘ஃபிகர்’ என்னும் ஒரே பொலிகுதிரையின் வழிவந்தது மோர்கன். குவார்ட்டர் குதிரையோ குடியேற்றக் காலத்துக் கால் மைல் பந்தயங்களில் உருவாகி, 1940இல்தான் தனிச் சங்கம் கண்டது.

உழைப்பு: ஃபிகர் மரம் இழுத்தது, பந்தயத்திலும் ஓடியது, அந்தப் பன்முகத்திறன் மோர்கனிடம் இன்றும் இருக்கிறது. கன்று ஒன்று மந்தையிலிருந்து விலகினால், சவாரி செய்பவர் கடிவாளத்தை அசைக்குமுன்பே பின்னங்கால்களை ஊன்றித் திரும்பி மறித்துவிடும் குவார்ட்டர் குதிரைக்கு, என் கணிப்பில், அந்த ஒரு வேலையில் இணையில்லை.

பராமரிப்பு: மோர்கன் குறைந்த தீவனத்திலேயே தேறும், அளவு மீறினால் குளம்பு அழற்சி வரலாம். குவார்ட்டரின் சில பரம்பரைகளில் மரபணுத் தசைநோய் உண்டு. பரிசோதனைச் சான்று கேட்டே வாங்க வேண்டும்.

மந்தை வேலைக்குக் குவார்ட்டர் குதிரை. வண்டிக்கும் சவாரிக்கும் ஒன்றே போதுமென்பவர்களுக்கு மோர்கன்.