காட்பாடி மனநல கிளினிக்: தங்கைக்காகப் போய்வருகிற எங்கள் அனுபவம்

ஆளுமைக் கோளாறுக்கு வேலூர்ப் பக்கம் யாரிடம் காட்டலாம் என்று தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். குடியாத்தத்திலிருந்து என் தங்கையைக் காட்பாடியில் தனியாக கிளினிக் நடத்தும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகிறோம்.

முன்பு வேறு ஊரில் காட்டிய இடத்தில், "டென்ஷன்தான், கல்யாணம் பண்ணி வையுங்க" என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவர் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். அப்புறம் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் என்று பெயரைச் சொல்லி, விட்டுட்டுப் போயிடுவாங்களோ என்ற பயம், நொடியில் மாறும் மனநிலை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். "என்னைப் பத்தி அப்படியே சொல்றாருண்ணா" என்றாள், அழுதுகொண்டே.

இவர் பின்பற்றுவது அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் ஜான் கண்டர்சன் என்ற மனநல மருத்துவர் வளர்த்தெடுத்த வழி. இந்த நோயை எப்படி அடையாளம் காண்பது என்று 1975இல் மார்கரெட் சிங்கரோடு சேர்ந்து எழுதியவர் அவர், 1980இல் டிஎஸ்எம்-3 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் இந்த நோய் இடம்பிடிக்க அந்த வேலை முக்கியமான காரணம். 2019இல் இறக்கும்வரை இதுவே அவருக்கு வாழ்க்கை. நோயின் பெயரை மறைக்கக் கூடாது, வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும், மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது, முதலில் படிப்பிலோ வேலையிலோ காலூன்ற வேண்டும் என்பது அவர் வழி. இந்த நோய்க்குப் பேர்போன இன்னொரு வழி, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய டிபிடி என்ற பேச்சு சிகிச்சை. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. 2009இல் வெளியான டொரோண்டோ ஆய்வில் 180 பேருக்கு டிபிடியையோ, கண்டர்சன் வழியைப் போன்ற பொதுவான மனநல சிகிச்சையையோ ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம் தெரிந்தது. சின்ன ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்!

அம்மாவையும் உட்கார வைத்து, "அவ கத்துறப்போ நீங்களும் கத்தாதீங்கம்மா, அடங்கினப்புறம் பேசுங்க" என்றார். அந்த ஒரு பேச்சு எங்கள் வீட்டையே மாற்றியது. தங்கை இப்போது டெய்லரிங் கிளாஸுக்கு ஒழுங்காகப் போகிறாள்.

குறை என்றால் காத்திருப்பு ரொம்ப நேரம், டோக்கன் இருந்தாலும் அப்படித்தான். கவுன்சிலர் சனிக்கிழமை மட்டும்தான் வருகிறார், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சிரமம். படுக்கை வசதி இல்லை. சேர்க்க வேண்டிய நிலை வந்தால் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையத்துக்குப் போகச் சொல்கிறார், அங்கே வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம். பழைய மருந்துச் சீட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள், ஒன்றுவிடாமல் படித்துப் பார்க்கிறார்.