பழைய குவாலிஸுக்கு எந்த கூலன்ட்: ரெடிமிக்ஸா, கான்சென்ட்ரேட்டா?

2005-ல் இன்னோவா வந்ததும் டொயோட்டா குவாலிஸ் விடைபெற்றுவிட்டது. ஆக, இன்று ஓடும் எந்தக் குவாலிஸும் இருபது வயதைத் தாண்டியதுதான். என் டீசல் வண்டிக்கு ரேடியேட்டர் மாற்றும்போது கடைக்காரர் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டில் இரண்டு கேன்களை எடுத்து வைத்தார். ஒன்று அப்படியே ஊற்றும் ரெடிமிக்ஸ். இன்னொன்று தண்ணீர் கலந்து ஊற்றும் கான்சென்ட்ரேட். நான் இரண்டாவதை வாங்கினேன்.

உள்ளே இருக்கும் சரக்கு இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே: எத்திலீன் கிளைக்கால், கூடவே துருத்தடுப்பு ரசாயனங்கள். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. விலையில், கலந்த பிறகு லிட்டர் கணக்குப் பார்த்தால் கான்சென்ட்ரேட் பொதுவாக மலிவு. ரெடிமிக்ஸில் கலக்கும் வேலை மிச்சம். இதெல்லாம் சின்ன விஷயங்கள்.

பழைய வண்டியில் உண்மையான பிரச்சினை வேறு. ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தால் எல்லாத் தண்ணீரும் வந்துவிடாது. இன்ஜின் பிளாக்கில் தண்ணீரை வடிக்கத் தனியாக ஒரு டிரெயின் போல்ட் இருக்கும். இத்தனை வருஷத்தில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும், முறுக்கினால் தலை வழுக்கிவிடும் என்று மெக்கானிக்குகள் தொடவே மாட்டார்கள். ஃபிளஷ் செய்த, அதாவது உள்ளே ஓடவிட்டுக் கழுவிய தண்ணீர் பிளாக்கிலேயே தங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 லிட்டர் பிடிக்கும் வண்டியில் 6 லிட்டர்தான் வடிந்தது, 3 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளே நிற்கிறது என்று வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்த ரெடிமிக்ஸ் 6 லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் கிளைக்கால் 33 சதவீதம்தான். வழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அதுவும் இறங்கிவிடும். கான்சென்ட்ரேட் என்றால் நாலரை லிட்டர் கேனிலிருந்து, ஒன்றரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். உள்ளே நிற்பதோடு சேர்ந்து சரியாகப் பாதிக்குப் பாதி. ரெடிமிக்ஸில் இப்படிச் சரிக்கட்ட வழியே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். போர்த் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். கடைசி ஃபிளஷ்ஷையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலேயே செய்யுங்கள். பேட்டரி ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். இன்னொன்று, கான்சென்ட்ரேட்டைக் கலக்காமல் நிரப்பினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். தனி கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது.

ஐந்து வருஷம் தாங்கும் என்று சில கேன்களில் போட்டிருக்கிறார்கள். இருக்கலாம். நான் இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டுப் பார்த்ததில்லை, அதனால் என் அனுபவத்தை வைத்து அதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

ரெடிமிக்ஸை ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. டிக்கியில் ஒரு லிட்டர் கிடக்கிறது, வழியில் அளவு குறைந்தால் ஊற்ற அதுதான் வசதி. பிளாக் போல்ட் சுலபமாகக் கழன்று முழுசாக வடிகிற வண்டி என்றால் தாராளமாக அதையே நிரப்பலாம். எதை ஊற்றினாலும் ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கொதிநிலை இறங்கிவிடும். சூட்டுக்குத் தக்கபடி கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொன்னால், புதிதாக ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.