விமான எஞ்சினில் ஓடும் பழங்காலத் தோற்றக் கார்: ஓசூர்ப் பட்டறை ஒன்றின் வேலை

ஓசூரில் உள்ள ஒரு சிறு பட்டறை, 1930-களின் பந்தயக் கார்களைப் போன்ற இரண்டு இருக்கை வண்டிகளைக் கையால் செய்து தருகிறது. பறக்கும் தகுதி முடிந்து கழிக்கப்பட்ட சிறு விமான எஞ்சின்களைத்தான் அவற்றில் பொருத்துகிறார்கள். கிருஷ்ணகிரி பக்கத்தில் உள்ள மாந்தோப்பில் ஓட்டுவதற்காக என் அண்ணன் ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினார். வேலை நடந்தபோதும், வண்டி தோப்புக்கு வந்த பிறகும் அருகிலிருந்து பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தப் பித்து புதிதல்ல. முதல் உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த விமான எஞ்சின்களைக் காரில் பூட்டும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியது. லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற கார்ப் பந்தய வீரர் 1921-இல் 23 லிட்டர் மேபாக் எஞ்சினை மெர்சிடிஸ் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) ஏற்றி புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டினார். அந்த அசுர வண்டியோடு பார்த்தால் எங்களுடையது குட்டிதான்: எச்.ஏ.எல். நிறுவனம் தயாரித்த புஷ்பக் என்ற சிறு விமானத்தில் இருந்த வகையைச் சேர்ந்த, 3.3 லிட்டர், 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின்.

பட்டறைக்காரர்களின் தொழிலறிவு தெரிந்தது எஞ்சினைத் தேர்ந்தெடுத்த விதத்தில். விமானத்தில் முன்னால் இருக்கும் புரொபெல்லர் முனை, காரில் பின்னால் திரும்பி கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். அப்படித் திருப்பினாலும் கான்டினென்டல் எஞ்சின் சாதாரணக் கார் எஞ்சின் சுற்றும் திசையிலேயே சுற்றுவதால் அம்பாசிடர் கியர்பாக்ஸை அப்படியே பூட்ட முடிந்தது. டைகர் மாத் விமானத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சினோ எதிர்த்திசையில் சுற்றும். அதை யோசிக்காமல் பூட்டினால் நான்கு கியரும் பின்னோக்கியும், ரிவர்ஸ் மட்டும் முன்னோக்கியும் ஓடும். இதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே படம் வரைந்து விளக்கினார்கள்.

புரொபெல்லர் நுனியின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கினால் அதன் இழுதிறன் குறையும் என்பதால், இத்தகைய எஞ்சின்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்றுகளிலேயே முழுத்திறனைத் தருமாறு அமைக்கப்பட்டவை. அதற்கேற்பக் கிரவுன் பினியனையும் (பின்சக்கர அச்சைச் சுழற்றும் பல்சக்கர இணை) மாற்றியிருக்கிறார்கள். மாங்காய்க் கூடைகளை ஏற்றிக்கொண்டு தோப்பு மேட்டில் இரண்டாவது கியரில், முறுக்காமலேயே வண்டி ஏறுகிறது. சிலிண்டருக்கு இரண்டு பிளக், அவற்றுக்குத் தனித்தனி மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பிளக்குக்கு மின்பொறி தரும் கருவி). ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றினால் மேக்னெட்டோவின் தண்டில் இருக்கும் சுருள்வில் விடுபடும் ‘டக்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். ஓடும்போது ஒரு மேக்னெட்டோவை நிறுத்தினால் சத்தம் சற்றே இறங்கும், எஞ்சின் நிற்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அண்ணன் இதைத்தான் முதலில் செய்து காட்டுகிறார்.

டிங்கர் வேலையும் பெயின்டும் நன்றாகவே இருக்கின்றன. குளிர்விக்கும் ஏற்பாடுதான் குறை. காற்றினால் குளிரும் இந்த எஞ்சினுக்கு, பறக்கும்போது எதிர்க்காற்று தானாகக் கிடைக்கும். தோப்பில் மெதுவாக ஊரும்போது கிடைக்காது. மின்விசிறி வைத்திருந்தும், காற்றைத் திருப்பிவிடும் தகடுகளில் இடைவெளி விட்டுவிட்டதால் பின்பக்கச் சிலிண்டர்கள் சித்திரை வெயிலில் அளவு மீறிச் சூடாயின. புகார் சொன்னதும் ஆள் அனுப்பித் தகட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரின் பழைய ரப்பர் பாகங்களை அரிக்கும் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை, நாங்கள்தான் கேட்டறிந்தோம்.

பெரிய மனக்குறை வேறு. சாலையில் ஓட்டலாமா என்ற கேள்விக்கு ‘ஆர்.டி.ஓ.வில் பேசிக்கொள்ளலாம்’ என்று மழுப்பினார்கள். ஆர்.சி. விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல நிலையில் உள்ள வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவும் இப்போது செய்த காருக்குப் பொருந்தாது. ஆகவே தனியார் நிலத்துக்குள் ஓட்டவே இது உதவும், வெளியூர் போக லாரியில்தான் ஏற்ற வேண்டும். ஒரு நடுத்தர எஸ்.யூ.வி. வாங்கும் பணம் ஆகிறது என்பதால், வாங்க நினைப்பவர்கள் தகட்டு வேலை, கார்புரேட்டர் பாகங்கள் இரண்டையும் விலைக்குள் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது.