உப்புக் கிண்ணம் இருந்த இடம்: 'டு தி லைட்ஹவுஸ்' படித்த அனுபவம்

ஓவியம் வரைகிற ஒரு பெரியம்மாவை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது. அவர் தூரிகையை எடுத்தாலே என் வாக்கியங்கள் வீங்கிவிடும். படத்தைப் பார்ப்பவர்கள் கண்கலங்குவார்கள், வாயடைத்துப் போவார்கள். படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்தச் சிக்கலோடுதான் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' (1927) நாவலைக் கையில் பென்சிலோடு மூன்றாவது முறையாகப் படித்தேன்.

கதை சின்னதுதான். ராம்சே தம்பதி, எட்டுப் பிள்ளைகள், சில விருந்தாளிகள், ஒரு கடலோர வீடு. கடைசி மகன் ஜேம்ஸ் கலங்கரை விளக்கத்துக்குப் போக ஆசைப்படுகிறான். நடக்கவில்லை. பத்து வருடம் கழித்துப் போகிறார்கள். அப்போது அம்மா உயிரோடு இல்லை.

விருந்தாளிகளில் ஒருத்தி லில்லி பிரிஸ்கோ. அம்மாவும் மகனும் சன்னலோரம் உட்கார்ந்திருப்பதை வரைகிறாள். படத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஊதா முக்கோணம், அவ்வளவுதான். படம் அருமை என்று வுல்ஃப் நமக்குச் சொல்வதே இல்லை. லில்லிக்கே அது மோசமாகத்தான் தெரிகிறது. வலப்பக்கத்துக் கனத்தை இடப்பக்கத்தோடு எப்படி இணைப்பது என்பதுதான் அவள் கவலை. இரவு விருந்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, மரத்தை இன்னும் நடுவே நகர்த்தினால் சரியாகிவிடும் என்று அவளுக்குப் பிடிபடுகிறது. மறந்துவிடாமல் இருக்க உப்புக் கிண்ணத்தை எடுத்து மேசை விரிப்பில் ஒரு பூவின்மேல் வைக்கிறாள். பெண்களால் வரைய முடியாது, எழுத முடியாது என்று சொன்ன ஆள் எதிரேயே இருக்கிறான். அவள் மனம் மரத்தில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து அதே வீட்டுக்கு வரும்போது முதலில் அந்த விரிப்பின் பூவேலைதான் அவளுக்கு ஞாபகம் வருகிறது. அப்புறம்தான் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள். ஒரு கலைஞரின் மனம் வேலை செய்வதை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய பக்கங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

குடும்பத்தையும் இதே போலப் பொருட்களை வைத்துத்தான் காட்டுகிறார். அம்மா பின்னுகிற காலுறையை ஜேம்ஸின் காலில் வைத்து அளக்கிறாள். அவன் ஆடிக்கொண்டே இருக்கிறான். காலுறை நீளம் போதவில்லை. மூன்றாம் பகுதியில், மனைவியை இழந்த ராம்சே, ஆறுதல் சொல்ல மாட்டாளா என்று லில்லியின் முன்னால் வந்து நிற்கிறார். அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் "என்ன அழகான பூட்ஸ்!" என்று சொல்லிவிடுகிறாள். அந்த மனிதர் முகம் மலர்ந்து, குனிந்து, அவளுடைய ஷூவுக்கு மூன்று முறை முடிச்சுப் போட்டு மூன்று முறை அவிழ்த்துக் காட்டுகிறார். அப்போதுதான் அவர்மேல் அவளுக்கு இரக்கம் வருகிறது. இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். என் அப்பாவும் பேச வேண்டியதைப் பேசாமல் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடச் சொல்லிக் கொடுத்தவர்.

வுல்ஃபின் அம்மா 1895இல் இறந்தபோது வுல்ஃபுக்கு வயது 13. அந்த அம்மாவின் சாயல்தான் திருமதி ராம்சே. நாவலைப் படித்த அக்கா வனெஸ்ஸா பெல், அம்மாவை அப்படியே கொண்டுவந்துவிட்டதாகத் தங்கைக்குக் கடிதம் எழுதினார். வனெஸ்ஸா ஓவியர். மூன்றாம் பகுதியில் லில்லிக்கு வயது 44. நாவலை எழுதிக்கொண்டிருந்த 1926இல் வுல்ஃபுக்கும் 44.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நான் படித்தது ஒரு மின்நூல். அதில் சதுர அடைப்புக்குறிகள் விட்டுப்போயிருந்தன. நடுப்பகுதியில் காற்றும் தூசியும் காலியான வீட்டுக்குள் நுழைவது பக்கம் பக்கமாக வரும். அம்மாவின் சாவும், பிரசவத்தில் போன மகளும், போரில் போன மகனும் அடைப்புக்குள் ஓரிரு வரியில் முடிந்துவிடுவார்கள். குறியை எடுத்துவிட்டால் அந்த அடி விழுவதே இல்லை. அச்சுப் பிரதி வாங்கிய பிறகுதான் எனக்கு அது விளங்கியது. வாங்கும் முன் அந்தப் பகுதியைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே வாக்கியத்துக்குள் ஒருவர் மனதிலிருந்து இன்னொருவர் மனதுக்குத் தாவுவதால் முதல் நாற்பது பக்கம் திணறும். நிதானமாகப் படித்தால் பழகிவிடும். எட்டுப் பிள்ளைகளில் சிலர் வெறும் பெயராகவே நின்றுவிடுகிறார்கள். வீட்டைத் துடைக்க வரும் மெக்நாப் என்ற அம்மாளை மேலே நின்று பார்த்து எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களில் எனக்குக் கோபமே வந்தது. பாழாகிக்கொண்டிருந்த வீட்டைத் தூக்கி நிறுத்துவது அந்த அம்மாளின் கைதானே?

என் கையெழுத்துப் பிரதியில் கண்கலங்கியவர்கள் எல்லோரையும் அடித்துவிட்டேன். இப்போது பெரியம்மாவுக்கு ஒரு வாசற்படி சரியாக வரவில்லை. படத்தின் கீழ்ப்பக்கம் கனத்துவிடுகிறது. ஆறு வருடமாகப் பேசாத தம்பியிடம் அதைக் காட்டிக் கேட்கலாமா என்று யோசிக்கிறார்.